ஓதம் ஏறும் சுவரும் சிமெண்ட் பூச்சும்: சோழமண்டலக் கரையின் சுண்ணாம்புக் காரை வீடுகளைப் பழுதுபார்ப்பது பற்றி

பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினம் வரையுள்ள கடற்கரை ஊர்களில் பழைய வீட்டைப் பழுதுபார்ப்பது என்றால் பெரும்பாலும் நடப்பது இதுதான். திண்ணைச் சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்துப் பொரிந்த காரையைக் கொத்தி எடுப்பார்கள். ஒன்றுக்கு நான்கு சிமெண்ட் கலவை பூசுவார்கள். மேலே வால் புட்டி, அதன்மேல் எமல்ஷன். முதல் ஆண்டு சுவர் புத்தம் புதிதாகத் தெரியும். இரண்டு மூன்று மழைக்காலம் போனதும், பூச்சு முடிந்த கோட்டுக்கு மேலே, அதுவரை நன்றாக இருந்த இடத்தில், காரை உதிரத் தொடங்கும். "இன்னும் ரெண்டடி ஏத்திப் பூசிட்டா சரியாயிடும்" என்பார் மேஸ்திரி. அப்படியே ஏற்றிப் பூசுவார்கள். உதிர்வும் பின்னாலேயே ஏறும்.

இந்த இரண்டாவது உதிர்வுக்குக் கைவேலைக் குறையோ மணலின் தரமோ காரணம் என்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. நல்ல கொத்தனார் நல்ல மணலில் செய்த வேலையிலும் அது வருகிறது. பழுதுபார்ப்பே அதை உண்டாக்குகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்குள் நீரும் உப்பும் போய்வரும் வழியைச் சிமெண்ட் பூச்சு அடைத்துவிடுகிறது. அடைபட்ட உப்பு செங்கல்லைத் தின்கிறது.

இந்தச் சுவர்கள் எப்படிப்பட்டவை என்பதிலிருந்து தொடங்கவேண்டும். புதுச்சேரியின் தமிழர் பகுதியிலும் தரங்கம்பாடியின் ராஜ வீதியிலும் நிற்கும் வீடுகளின் சுவர்கள் ஒன்றரை முதல் இரண்டடி வரை தடித்தவை. மெல்லிய செங்கற்களை நிறையக் காரையில் பதித்து எழுப்பியவை. காரைக்கான சுண்ணாம்பு பெரும்பாலும் கிளிஞ்சல் சுண்ணாம்பு. பழவேற்காடு ஏரியைப் போன்ற உப்பங்கழிகளில் அள்ளிய கிளிஞ்சலைக் காளவாயில் சுமார் 900 டிகிரி வெப்பத்தில் சுட்டு, தண்ணீர் விட்டுத் தாளித்து, மணலும் செங்கல் பொடியும் சேர்த்துச் செக்கில் அரைப்பார்கள். சுவருக்குப் போன பின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கி மீண்டும் கல்லாகிறது. 1904-இல் சென்னையில் முதன்முதலாகச் சிமெண்ட் செய்ய முயன்றபோதும் மூலப்பொருள் இதே கடற்கிளிஞ்சல்தான். அம்முயற்சி நிலைக்கவில்லை. ஒரே பொருளிலிருந்து பிறந்தும் இரண்டும் சுவரில் நடந்துகொள்ளும் விதம் வேறு. காரையில் நுண்துளைகள் மிகுதி. நீர் அதன் வழியே ஏறும், ஆவியாகி வெளியேறவும் செய்யும். செங்கல் நனைவதும் காய்வதும் காரையின் வழியாகவே நடக்கும்படி அமைந்த சுவர் அது.

கடற்கரையில் சுவரைக் கெடுப்பது ஈரப்பதம் என்று பொதுவாகச் சொல்கிறோம். இது பாதி உண்மை. ஆண்டு முழுதும் நனைந்தே கிடக்கும் சுவர் பாசி பிடிக்கும், மணம் வீசும். அவ்வளவு விரைவில் உதிர்ந்துவிடாது. சாதாரணக் கடலுப்புக்கு ஒரு வாசற்படி உண்டு. நம் ஊர் வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டுக்கு மேலே போனால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். படிகம் வளரும்போது தான் இருக்கும் துளையின் சுவரைத் தள்ளுகிறது. ஒருமுறை தள்ளினால் ஒன்றும் ஆவதில்லை. நூற்றுக்கணக்கான முறை தள்ளினால் செங்கல்லின் முகம் மாவாகிறது.

சோழமண்டலக் கரையின் தனித்தன்மை இந்த வாசற்படியை அடிக்கடி தாண்டுவது. ஜூன் மாதத்தில் ஒரு நாளைப் பாருங்கள். விடியற்காலையில் காற்று ஈரமாக இருக்கும். வெயில் ஏறியதும் மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும். மீனவர்கள் கச்சான் என்பது இதைத்தான். ஈரப்பதம் சடசடவென இறங்கும். பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்ததும் மறுபடி ஏறும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் சுவர் நீரை நிறையக் குடித்துத் தரையிலுள்ள உப்பை மேலே இழுத்துவைக்கும். பிறகு வரும் நீண்ட கோடையில் அந்த உப்பு நாள்தோறும் கரைந்து, நாள்தோறும் இறுகும். மழைக்காலத்தில் ஓதம் கண்ணுக்குத் தெரிவதால் எல்லாப் பழியும் மழைமேல் விழுகிறது. சுவர் உண்மையில் உடைவது கச்சான் வீசும் மாதங்களில். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் காற்று ஈரமாகவே நிற்கும் கேரளக் கரையின் பழுதுபார்ப்பு முறைகளை அப்படியே இங்கே கொண்டுவருவதில் எனக்குத் தயக்கம் இருப்பதும் இதனால்தான்.

இப்படிகமாதல் எங்கே நடக்கிறது என்பதே கேள்வியின் மையம். நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு இறங்கும். சுண்ணாம்புப் பூச்சு உள்ள சுவரில் அந்த இடம் பூச்சின் வெளிப்புறம். ஆகவே வெள்ளையும் காரையும் கொட்டும், செங்கல் தப்பிக்கும். ஆண்டுதோறும் பொங்கலுக்கு வெள்ளையடித்த வழக்கமும், சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை காரை மாற்றிய வழக்கமும் இந்த இழப்பை ஈடுகட்டின. பூச்சு கெடுவதற்காகவே அங்கே இருந்தது. சிமெண்ட் பூச்சு அடர்த்தியானது. ஆவி அதன் வழியே எளிதில் போகாது. அதன்மேல் பூசும் புட்டியும் எமல்ஷனும் மிச்சத்தையும் அடைக்கின்றன. ஏறிவந்த நீருக்கு இரண்டே வழி: பூச்சுக்குப் பின்னால் தங்குவது, அல்லது பூச்சு முடியும் இடம் வரை ஏறி அதற்கு மேலே வெளியேறுவது. மேஸ்திரியின் இரண்டடி ஒவ்வொரு முறையும் ஏறுவதன் காரணம் இது. போதாததற்குச் சிமெண்டிலேயே கரையக்கூடிய சோடியம், பொட்டாசியம் சல்பேட்டுகள் சிறிதளவு உண்டு. ஏற்கெனவே உப்பு நிறைந்த சுவருக்கு அது இன்னொரு வரவு.

இப்படிப் பூசிய சுவரை விரல்முட்டியால் தட்டினால் சில இடங்களில் பொத்தென்று வெற்றொலி கேட்கும். அங்கே பூச்சைப் பெயர்த்தால் அது ஒரே பலகையாக வரும், பின்புறம் செங்கல்லின் சிவந்த தோலை ஒட்டிக்கொண்டு. உள்ளே செங்கல்லைத் தொட்டால் விரலில் மாவு ஒட்டும். செங்கல் இடுக்குகளை மட்டும் சிமெண்டால் அடைத்த மதில்களில் இதன் மறுவடிவத்தைக் காணலாம். இடுக்கு அடைப்புச் சட்டம் சட்டமாகத் துருத்தி நிற்கும். நடுவிலிருந்த செங்கல் அரைவிரல், ஒருவிரல் ஆழத்துக்குத் தேய்ந்து குழிந்திருக்கும். காக்க வைத்த பொருள் நிற்கிறது, காக்கப்பட வேண்டியது போய்விட்டது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் வலிமை பற்றியது. புதுச்சேரிக் கடற்கரையில் 1870-71-இல் எழுந்த நகரமன்றக் கட்டடமான மேரி, 2014 நவம்பர் இறுதியில் மழையில் இடிந்து விழுந்தது. சுண்ணாம்புக் கட்டடங்களை நம்ப முடியாது என்பதற்கு அதையே சான்றாகக் காட்டுகிறார்கள். கடலுக்கு நேர்முகமாக 140 ஆண்டுகளுக்கு மேல் நின்ற கட்டடம் அது என்பதும், பழுதடைந்த நிலையிலேயே அந்த மழையை எதிர்கொண்டது என்பதும் அதே சான்றின் பகுதிகள். எண்களைப் பார்த்தால் வலிமை வாதம் இன்னும் தளர்கிறது. செங்கல் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1905, ஒன்றுக்கு நான்கு சிமெண்ட் கலவைக்கு 28 நாள் வலிமையாகச் சதுர மில்லிமீட்டருக்கு 7.5 நியூட்டனைக் குறிக்கிறது. சுண்ணாம்பும் மணலும் மட்டும் சேர்ந்த கலவை பெரும்பாலும் 1 நியூட்டனையும் எட்டாது. இது மாபெரும் வேறுபாடுதான். ஆனால் ஏழு மீட்டர் உயரச் செங்கல் சுவர் தன் எடையால் அடியில் தரும் அழுத்தம் ஏறக்குறைய 0.12 நியூட்டன். தளத்தின் சுமையைச் சேர்த்தாலும், இரண்டடிச் சுவருள்ள மாடி வீட்டுக்கு 7.5 நியூட்டன் வலிமை எதற்கும் பயன்படுவதில்லை. நம் பகுதிச் செங்கற்கள் பலவற்றின் வலிமையே 3.5 முதல் 5 நியூட்டன்தான். செங்கல்லைவிடக் கலவை வலுக் குறைந்ததாக இருக்கவேண்டும், கலவையைவிடப் பூச்சு வலுக் குறைந்ததாக இருக்கவேண்டும். அப்போதுதான் அசைவும் உப்பும் மாற்றத்தக்க பகுதியைத் தாக்கும். பூச்சை வலுப்படுத்துவது அழிவைச் செங்கல்லின் பக்கம் தள்ளிவிடுவதே.

சுண்ணாம்பின் பக்கம் நின்று பேசுவோரிடமும் எனக்கு ஒரு முறையீடு உண்டு. கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு என்று சேர்மானப் பட்டியலிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. அவற்றுக்குப் பயன் உண்டு. கலவையின் இளக்கத்தையும் இறுகும் வேகத்தையும் அவை மாற்றுகின்றன, மெட்ராஸ் பூச்சின் கண்ணாடிப் பளபளப்பு அந்தக் கைத்திறனின் விளைவு. ஆனால் எந்தச் சேர்மானமும் ஓதத்தைத் தடுக்காது. உப்பு நிறைந்த சுவரில் முதல்முறை பூசும் சுண்ணாம்பு நிச்சயம் கெடும். கெடட்டும் என்று தெரிந்தே பூசவேண்டும்: மணல் மிகுந்த மெலிந்த காரையை ஒரு கோடை முழுதும் விட்டுவைத்து, அது உப்பை உறிஞ்சியபின் கொத்தி எடுத்து வீட்டுக்கு வெளியே அப்புறப்படுத்தவேண்டும். கொத்திய காரையை அங்கேயே முற்றத்தில் கொட்டி நிரவும் வழக்கத்தால் அந்த உப்பு அடுத்த மழையில் கடைக்காலுக்குத் திரும்புகிறது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் புகுந்த தெருக்களில் இது இன்னும் முக்கியம். அங்கே தரையின் உப்போடு கடல்நீரின் உப்பும் சுவர் குடித்த உயரம் வரை சேர்ந்தது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீர். பழைய வீட்டின் தரை தெருவைவிட மூன்று நான்கு படி உயர்ந்திருந்தது. சாலையைச் சுரண்டாமலே தார்மேல் தார் போட்டு, இன்று பல வீடுகளின் திண்ணை தெருமட்டத்தில் கிடக்கிறது. பழைய சாலையைச் சுரண்டியபின்பே புதிது போடவேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் அறிவுறுத்தியது. ஏறிவிட்ட சாலையின் ஓரத்தில் நிற்கும் வீட்டுக்கு அதனால் உடனடி விமோசனம் இல்லை. மண்ணும் கல்லுமாக இருந்த முற்றத்துக்கு டைல் ஒட்டியதும், மூச்சுவிட இடமற்ற தரையீரம் முழுதும் சுவரின் பக்கம் திரும்புகிறது. இவற்றைச் சரிசெய்யாமல் எந்தக் காரையைப் பூசினாலும் பயன் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா-அர்ப்ஸ் திட்டத்தின்கீழ் மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கின் புதுச்சேரிக் கிளை வைசியாள் வீதி வீடுகளைச் சீரமைத்தது. அந்த வீதி 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருதுகளில் ஒன்றைப் பெற்றது. வீட்டை வீடாக மட்டும் பாராமல் தெருவாகப் பார்த்த வேலை அது. அந்தப் பார்வை, முகப்பின் அழகுக்கு வேண்டிய அளவு ஓதத்துக்கும் வேண்டும்.

சிமெண்ட் இங்கே வேண்டாத பொருள் என்று நான் சொல்லவில்லை. கம்பி இருக்கும் இடம் அதனுடையது. அங்கேயும் நாம் கடற்கரைக்குரிய கணக்கில் கட்டுவதில்லை. ஐ.எஸ். 456, கடற்கரைச் சூழலைக் கடுமையான வகையில் வைத்து, எம்-30 கான்கிரீட்டும் கம்பிக்கு 45 மில்லிமீட்டர் மூடலும் கேட்கிறது. வீட்டு வேலையில் கலப்பதோ ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று, அதாவது எம்-20. சன்ஷேடின் கம்பிக்கு அடியில் 15, 20 மில்லிமீட்டர் மூடல் இருந்தாலே பெரிது. கம்பிக் கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பதும் அதே தரநிலை. நாக்குக்கு உவர்ப்பாகத் தெரியும் ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே கலவை போடும் இடங்களில், கடற்காற்று வந்து சேரும் முன்பே உப்பு கம்பியருகே போய்விடுகிறது. துருப்பிடித்த இரும்பு இரண்டு மடங்குக்கும் மேலாகப் பருத்து, கான்கிரீட்டைப் பட்டைபட்டையாக உதிர்க்கிறது. சுண்ணாம்புச் சுவரில் மிகை வலிமையையும் கம்பிக் கான்கிரீட்டில் குறை வலிமையையும் ஒரே வீட்டில், ஒரே கொத்தனாரிடம் கேட்டு வாங்குகிறோம்.

கொத்தனாரைக் குறைசொல்வதில் பொருளில்லை. அவருக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி. பூசி முடித்த அன்று வேலை முடிந்தது. சுண்ணாம்பு வேலைக்குக் காத்திருப்பதுதான் பெரும்பகுதி, காத்திருப்புக்குக் கூலி இல்லை. ஒப்பந்தத்தை இரண்டாகப் பிரிக்கவேண்டும் என்பது என் பரிந்துரை. மழை ஓய்ந்து தை பிறந்ததும் முதல் பகுதி: சாக்கடைச் சரிவு, முற்றம், பழைய சிமெண்டை நீக்குவது, பலிகொடுக்கும் மெல்லிய காரை. இதற்கு முழுப் பணம். அந்தக் கோடையும் அடுத்த மழையும் போய், மறு தையில் அந்தக் காரையைக் கொத்தி அகற்றி இறுதிப் பூச்சு பூசுவது இரண்டாம் பகுதி, அதே மேஸ்திரிக்கே, விலையை முன்கூட்டியே பேசி. சுண்ணாம்பு இறுகச் சிறிது ஈரமும் மிதமான வெயிலும் வேண்டும். தையும் மாசியும் அதற்கு ஏற்ற மாதங்கள். இடையில் சுவர் அழுக்காகவும் பொரிந்தும் தெரியும் என்பதை வீட்டுக்காரர் ஒப்பந்தத்திலேயே எழுத்தில் ஏற்கவேண்டும். கல்யாணத்துக்கு முன் சுவர் பளிச்சென்று இருக்கவேண்டும் என்ற நெருக்கடியில்தான் பெரும்பாலான சிமெண்ட் பூச்சுகள் ஏறுகின்றன.