ஊர்வனவற்றைக் கலைக்காமல் படமெடுத்தல்

பாம்பு, ஓணான், உடும்பு, ஆமை, முதலை முதலியவற்றைப் பிடிக்காமல், இடம் மாற்றாமல், இரை காட்டி இழுக்காமல், இருந்த இடத்தில் இருந்தபடியே படமெடுப்பது இயற்கை ஒளிப்படக்கலையின் ஒரு பிரிவு. கையில் தூக்கியோ, குளிரூட்டி அசைவை ஒடுக்கியோ, அழகான பாறையில் கொண்டுபோய் வைத்தோ எடுத்த படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இந்தப் பிரிவில் சேராது.

இதற்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்குத்தான் போக வேண்டும் என்ற எண்ணம் தமிழகத்தில் பரவலாக இருக்கிறது. உண்மையில் வறண்ட சமவெளிதான் பல வகையில் வசதியானது. கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தை அடுத்துள்ள வேப்பூர் வட்டாரம் அப்படிப்பட்ட நிலம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையைச் சேலம் சாலை வெட்டும் கூட்டுரோட்டையும், வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையையும் வைத்தே வெளியூரார் இவ்வூரை அறிவார்கள். சாலையை விட்டு இறங்கினால் மானாவாரிக் காடு, முள்வேலி, கரம்பு, ஏரிக்கரை. விசிறித்தொண்டை ஓணான், கரட்டான், அரணை, உடும்பு, சாரை, நல்லபாம்பு, கண்ணாடி விரியன் எல்லாம் இத்தகைய நிலத்துக்கு உரியவை. மரம் அடர்ந்த காட்டைப் போலன்றி இங்கே வெளிச்சம் தாராளம். தூரத்திலிருந்தே பார்க்கவும் முடியும்.

சோழமண்டலக் கடற்கரையில் ஊர்வனவற்றைப் படமாக்கும் முயற்சி கேமராவுக்கு வெகுகாலம் முந்தியது. தரங்கம்பாடி மிஷனில் மருத்துவராக இருந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளரான ஜோஹன் கோனிக் 1785-இல் இறந்ததும், அந்தப் பொறுப்பு பேட்ரிக் ரஸ்ஸல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவரிடம் வந்தது. விசாகப்பட்டினத்தில் தங்கி, இக்கரையோரப் பாம்புகளைத் திரட்டி, வண்ண ஓவியங்களுடன் 1796-இல் அவர் வெளியிட்ட நூல் இந்தியப் பாம்பியலின் தொடக்கம் எனலாம். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே வழங்குகிறது. எந்தப் பாம்பு நஞ்சுடையது, எது இல்லாதது என்பதை மக்கள் கண்டுகொள்ள வேண்டும் என்பதே ரஸ்ஸலின் நோக்கம். அதற்குச் செதிலும் நிறமும் போதும். பாம்பு எங்கே வெயில் காய்ந்தது, எதை நோக்கி ஊர்ந்தது என்பதற்கு அந்தப் பக்கங்களில் இடமில்லை.

அடுத்த பெரிய நிகழ்ச்சி இன்னும் பக்கத்து ஊரோடு தொடர்புடையது. பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே 1829-இல் ஒரு சிறிய தரை ஓணானுக்குச் ‘சிட்டானா பாண்டிசெரியானா’ என்று அறிவியல் பெயரிட்டார். பெயரிலேயே புதுச்சேரி இருக்கிறது. இதுதான் விசிறித்தொண்டை ஓணான். கோடையில் ஆண் ஓணான் ஒரு மண்ணாங்கட்டியின் மேலோ கல்லின் மேலோ ஏறி, தொண்டைப் பையை விசிறிபோல் விரித்து விரித்து மடக்கும். பெண்ணை அழைக்கவும் எதிரியை விரட்டவும் அதுவே அதன் மொழி. ஆய்வு மாதிரியாகச் சாராயப் புட்டிக்குள் போன ஓணானின் விசிறி மடங்கிவிடும், நிறமும் வெளுத்துவிடும். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, 2016-இல் வி. தீபக்கும் உடன் ஆய்வாளர்களும் இவ்வகை ஓணான்களை மறு ஆய்வு செய்து, ‘சரடா’ என்ற புதிய பேரினத்தையும் பல புதிய இனங்களையும் அறிவித்தபோது, மரபணுவோடு தொண்டைப் பையின் அளவும் நிறமும் முக்கியச் சான்றுகளாக நின்றன. புதிய இனங்களுள் ஒன்றான ‘சிட்டானா விசிரி’ தமிழ்ச் சொல்லையே பெயராகக் கொண்டது. புட்டியில் காண முடியாத அந்த அடையாளத்தை உயிருள்ள ஓணானிடம்தான் காண முடியும். தொந்தரவு இல்லாதபோதுதான் அது விசிறியை விரிக்கும்.

தமிழகத்தில் விலங்கை அதன் போக்கில் விட்டுப் படமெடுக்கும் மரபை நிலைநிறுத்தியவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைத் தானே இணைத்துச் செய்த கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்து, கறுப்பு வெள்ளையிலேயே கடைசிவரை படமெடுத்தார். அவருக்குப் புகழ் சேர்த்தவை யானையும் காட்டெருதும்தான். ஆயினும் காட்டில் சுதந்திரமாகத் திரியும் விலங்கைப் படமெடுப்பதே காட்டுயிர்ப் படம் என்ற அவருடைய அளவுகோல் ஊர்வனவற்றுக்கும் அப்படியே பொருந்துகிறது.

பாம்பைப் பொறுத்தவரை திருப்புமுனை ராமுலஸ் விட்டேகர். சென்னைப் பாம்புப் பண்ணையும், 1976-இல் வடநெம்மேலி முதலைப் பண்ணையும், 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் அவருடைய முயற்சியால் உருவானவை. ராஜநாகம் பற்றி அவர் எடுத்த ஆவணப்படத்துக்கு 1998-இல் எம்மி விருது கிடைத்தது. அசோக் கேப்டனுடன் சேர்ந்து 2004-இல் அவர் வெளியிட்ட இந்தியப் பாம்புகள் கையேடு இன்றும் கள ஆய்வாளர்களின் பையில் இருக்கிறது. கையேட்டுப் படத்தின் தேவை வேறு: செதில்களை எண்ண முடிய வேண்டும், தலையின் பக்கவாட்டுத் தோற்றம் தெரிய வேண்டும். அந்தத் தேவைக்காகப் பயிற்சி பெற்றவர்கள் கையாளும் முறையைப் பொழுதுபோக்குக்குப் படமெடுப்பவர்கள் பின்பற்றியதால் வந்த கேடுகள் அதிகம்.

கலைக்காமல் எடுப்பது நல்லெண்ணத்தால் மட்டும் வேண்டப்படுவதன்று; கலைத்தால் படமே பொய்யாகிவிடும். நாட்காட்டிகளிலும் சுவரொட்டிகளிலும் படம் விரித்து நிற்கும் நல்லபாம்பு பயந்து நிற்கும் நல்லபாம்பு. வாய் பிளந்த பச்சைப் பாம்பும், சுருண்டு சீறும் கண்ணாடி விரியனும், செதிலோடு செதிலை உரசி ஒலியெழுப்பும் சுருட்டை விரியனும் அப்படியே. எதிரே ஆள் நிற்பதால் பிறந்த தோற்றங்கள் இவை. இவற்றையே பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பாம்பு என்றால் எப்போதும் பாயத் தயாரான பிராணி. அதன் விளைவைத் தடியோடு ஓடிவரும் கூட்டத்தில் காணலாம்.

நிறமும் பொய்யாகலாம். தென்னிந்தியப் பாறை ஓணான் சில நொடிகளில் நிறம் மாறுவதையும், எதிரி ஆணிடம் ஒரு நிறமும் பெண்ணிடம் வேறு நிறமும் காட்டுவதையும் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். பிடித்த கையில் இருக்கும் ஓணானின் நிறம் இந்த இரண்டுக்கும் சான்றாகாது.

வேலை முறை எளிது, பொறுமைதான் பெரிது. ஊர்வன காலை வெயிலில் உடலைச் சூடேற்றிக்கொள்பவை. அந்த நேரத்தில் விரட்டினால் அவற்றின் அன்றைய வேட்டையே கெடும். ஆகவே 300 முதல் 400 மி.மீ. லென்ஸுடன் தள்ளியே நிற்க வேண்டும். நேராக நடக்காமல் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குவது, நிழல் அதன் மேல் விழாமல் பார்ப்பது, காலை அழுத்தி வைக்காமல் இருப்பது ஆகியவை அடிப்படை. பாம்புக்குக் காதே கேளாது என்பது தவறு. தரையதிர்வோடு, காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளையும் அது உணரும். ஓணான் நிமிர்ந்து உறைந்துவிட்டாலும், உடும்பு உடலை ஊதிப் பெருக்கினாலும், பாம்பு தலையை இழுத்துக்கொண்டாலும் அங்கேயே நின்றுவிட வேண்டும். விசிறித்தொண்டை ஓணானுக்குத் தரையோடு தரையாகக் குப்புறப் படுத்து, கேமராவை அதன் கண்மட்டத்தில் வைத்துக் காத்திருப்பார்கள். கொதிக்கும் கரம்பில் இது சுகமான காரியமில்லை. இரவில் பச்சோந்தியோ பாம்போ தென்பட்டால் டார்ச்சை நேராக அடித்துக்கொண்டே இருப்பதும், ஃபிளாஷைத் தொடர்ந்து மின்னவைப்பதும் கூடாது. பாம்புக்கு மூடிக்கொள்ள இமை கிடையாது. கல்லைப் புரட்டுவது, புற்றைக் கிண்டுவது, முகத்தை மறைக்கும் புல்லை ஒடிப்பது எல்லாம் இடத்தைக் கலைப்பதே.

வேப்பூர் வட்டாரம் நஞ்சுள்ள பாம்புகள் உள்ள நிலம். கடிபட்டால் கட்டுப்போடாமல், கீறாமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள் கொல்வதோடு பிடித்தல், பொறிவைத்தல், விரட்டுதல், இரைவைத்தல் ஆகியவற்றையும், ஊர்வனவற்றின் முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதையும் சேர்க்கிறது. உடும்பு முதல் அட்டவணையில் உள்ளது. படத்துக்காக அதன் வாலைப் பிடிப்பவர் சட்டத்தின் கண்ணில் வேட்டைக்காரரே. சரணாலயங்களுக்குள் படமெடுக்கத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும்.

கடலூர் மாவட்டத்தின் கிழக்கில், கொள்ளிடக் கரையோர ஊர்களில் பிடிபடும் முதலைகளை வனத்துறையினர் சிதம்பரம் அருகே வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுகிறார்கள். கரையிலிருந்தே முதலையைப் படமெடுக்க அதுவொரு வாய்ப்பு.

இப்போது கைபேசியும் சமூக ஊடகமும் படமெடுப்போரைப் பெருக்கியுள்ளன. நட்சத்திர ஆமையும் மண்ணுளிப் பாம்பும் கள்ளச் சந்தையில் விலைபோவதால், அவற்றின் படத்தோடு இடத்தை வெளியிடுவதைக் கவனமுள்ளவர்கள் தவிர்க்கிறார்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பதிவுத்தளங்கள் அச்சுறுத்தலில் உள்ள இனங்களின் துல்லியமான இருப்பிடத்தைத் தாமாகவே மறைத்துவிடுகின்றன.