இரும்பு இருந்தது, லாயம் இல்லை: தென்னகக் குதிரைப்படையின் ஒரு குறை

கொரியாவின் தென்பகுதியில் உள்ள ஹாமானில் 1992இல் அடுக்குமாடி வீடுகளுக்காக நிலம் தோண்டிய இடத்தில், நாளிதழ் போடும் இளைஞர் ஒருவர் கண்ணில் துருப்பிடித்த இரும்புத் துண்டுகள் பட்டன. அகழ்ந்து பார்த்தபோது குதிரைக்குப் பூட்டும் கவசம் கிடைத்தது. காயா அரசுகளின் காலத்தது. வடக்கே கொகுர்யோ அரசில் இந்த வழக்கம் அதற்கும் முந்தியது. 357ஆம் ஆண்டைக் குறிப்பிடும் அனாக் மூன்றாம் கல்லறையின் சுவரோவியத்தில், கவசம் பூண்ட குதிரைகள் மேல் கவசம் பூண்ட வீரர்கள் ஊர்வலம் போகிறார்கள். 246இல் அதன் மன்னன் தொங்சோன் ஐயாயிரம் ‘இரும்புக் குதிரை’ வீரர்களோடு சீனத்து வெய் படையை எதிர்த்துத் தோற்றான் என்கிறது கொரிய வரலாற்று நூலான ‘சம்குக் சாகி’.

காயா என்றதும் நம்மவர் பேச்சு, கடல் கடந்து போன அரசி ஹோ எந்த ஊர்ப் பெண் என்பதிலேயே நின்றுவிடுகிறது. 13ஆம் நூற்றாண்டு நூலொன்று சொல்லும் கதை அது. எனக்கு அந்நாட்டின் இரும்புதான் பெரிய கேள்வியாகப் படுகிறது. அண்டை நாடுகளுக்கு இரும்பு விற்ற காயா அதைக் குதிரைக்கும் போர்த்தியது. கொடுமணலில் உருக்கு செய்த தமிழகத்திலோ கவசக் குதிரைப்படை அப்படி வேரூன்றவில்லை. ஏன்?

விடை குதிரை வந்த வழியில் இருக்கிறது. பாண்டிய நாட்டுக்கு நல்ல குதிரை அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பலில் வந்தது. கீஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஏற்பாடு இருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். ஒன்றுக்கு 220 பொன் தினார். வழியில் செத்தாலும் விலை உண்டு! 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஆண்டுக்கு ஈராயிரத்துக்கு மேல் வாங்கும் அரசனிடம் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை. சோற்றோடு இறைச்சி கலந்து போட்டார்களாம். லாடம் அடிப்போர் பாண்டிய நாட்டுக்கு வராமல் வணிகர்களே தடுத்தார்கள் என்பதும் அவர் சொல்வதே. அது துறைமுக வம்பாகவும் இருக்கலாம். ஆனால் செத்த குதிரைக்கும் காசு கிடைக்கும்போது, அதை வாழவைக்கும் வித்தையைக் கற்றுக்கொடுக்க எந்த வணிகனுக்கு மனம் வரும்?

கவசக் குதிரைக்குப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும்: பாரம் சுமக்க, அணி குலையாமல் ஓட. ஓராண்டு தாங்காத விலங்கின் மேல் இரும்பைப் போர்த்துவதில் பயனில்லை. உருக்கு எவ்வளவு இருந்தும் இந்தக் குறையை அது ஈடுகட்டியிராது என்பதே என் கணிப்பு.

விஜயநகரக் காலத்தில் நிலைமை ஓரளவு மாறியது. 1520 வாக்கில் மகாநவமி அணிவகுப்பைக் கண்ட போர்ச்சுகீசியர் தொமிங்கோ பாயஸ், நெற்றித் தகடு பூண்ட குதிரைகளையும், இரும்புத் தகடு வைத்துத் தைத்த தோல் அங்கி அணிந்த தலைவர்களையும் வர்ணிக்கிறார். தென்னகத்தில் கொரியக் கவசப் படைக்கு மிக அருகில் வரும் சித்திரம் இதுதான். ஆனாலும் நெற்றித் தகடு முழுக்கவசம் ஆகாது. அதில் போரைவிடத் திருவிழாவின் பகட்டே அதிகம். பின்னர் வந்த இன்னொரு போர்ச்சுகீசியர் நூனிஸ், அரசர் ஆண்டுக்கு 13,000 ஓர்முஸ் குதிரைகள் வாங்கியதாக எழுதுகிறார். முன்னொரு அரசர் காலத்தில் கடலில் செத்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினாலே பணம் கிடைத்ததாம். இரு நூற்றாண்டு கழிந்தும் பாண்டியர் கால ஏற்பாடே தொடர்ந்திருக்கிறது.

குதிரையோடு அதைக் காப்பவரும் வந்து குடியேறினால் என்ன ஆகும் என்பதற்கு சிங்கப்பூரின் சிராங்கூன் சாட்சி. இங்கே 1842இல் குதிரைப் பந்தயச் சங்கம் தோன்றியது. ஃபேரர் பார்க் திடலில் 1933 வரை பந்தயம் நடந்தது. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் அதன் மிச்சம். ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கும் கப்பலில்தான் குதிரை வந்தது. மாட்டுத் தொழிலில் நம்மவர்கள் பேர்பெற்ற வட்டாரம் இது. எருமையின் பெயரில் ஒரு தெருவே உண்டு. குதிரை லாயங்களில் பேர்பெற்றவர்களோ பாவியான் தீவினர். ரோச்சோர் ஆற்றங்கரையில் அவர்களுக்கென்று ஒரு கம்பமே எழுந்தது. பாண்டிய நாட்டுக்குக் குதிரை வந்திறங்கிய காயல்பட்டினக் கரையில் அப்படியொரு குதிரைக்காரர் குடியிருப்பு எழுந்ததாக மார்க்கோ போலோ சொல்லவில்லை, வஸ்ஸாஃபும் சொல்லவில்லை.