பொதியில் வந்த பிசின்

12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரம் கோயிலில், மூலக்கோயிலின் அடிப்பகுதியைச் சுற்றி நாயன்மார் கதைகள் சின்னஞ்சிறு சிற்பங்களாக நிற்கின்றன. அறுபத்துமூவரில் ஒருவர் கடவூர்க் குங்கிலியக் கலயர். பிள்ளைகள் பசித்திருக்க, நெல் வாங்கி வரச் சொல்லி மனைவி தாலியைக் கழற்றிக் கொடுக்கிறார். கலயரோ வழியில் எதிர்ப்பட்ட வணிகனிடம் ஒரு பொதி குங்கிலியத்தை வாங்கிவிடுகிறார். எல்லோரும் பக்திக்காகச் சொல்லும் கதை. எனக்கு அந்த வணிகன்தான் முக்கியம். நெல் விளையும் காவிரிக் கரையில் குங்கிலிய மரம் ஏது? யாராவது சுமந்து வந்தால்தான் உண்டு.

குங்கிலியம் தரும் மரங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஒடிசா, சத்தீஸ்கர் காடுகளிலும் வளர்கின்றன. பட்டையைக் கீறினால் கசிந்து, காற்றுப் பட்டு இறுகும் பிசின் அது. இப்படிப்பட்ட பிசின் மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டு கிடந்தால் அம்பர். குஜராத் நிலக்கரிச் சுரங்கத்தில் எடுத்த சுமார் 5 கோடி ஆண்டுப் பழைய அம்பர் இதே மரக் குடும்பத்தினுடையது என்று 2010-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

கும்பகோணத்து நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் கேட்டால் தாளில் மடித்துத் தருவார்கள். மங்கிய மஞ்சள் கட்டி. அழுத்தினால் நொறுங்கி, விரலில் வெள்ளைப் பொடி ஒட்டும். பக்கத்துச் சுவாமிமலையில் ஸ்தபதிகள் இதைத் தேன்மெழுகோடு எண்ணெய் விட்டுக் காய்ச்சி, சிலைக்கு மெழுகுக் கரு பிடிக்கிறார்கள். பிறகு மெழுகு உருகி வெளியேற, அந்த இடத்தில் பஞ்சலோகம் இறங்கும்.

வீட்டுக்கு வரும் குங்கிலியம் பெரும்பாலும் தணலில் விழுந்து புகையாகிறது. தலைக்கு ஊற்றிய பிள்ளையின் முடி உலரத் தூபம் காட்டுவது பாட்டிமாரின் அன்பு. ஆனாலும் எந்தப் புகையும் பச்சைக் குழந்தையின் நுரையீரலுக்கு ஆகாது. அதை விட்டுவிட வேண்டும் என்றே சொல்வேன். துண்டால் துவட்டினால் போதும்.

விடக்கூடாதது குங்கிலிய வெண்ணெய். நல்லெண்ணெயில் பொடியைப் போட்டு உருக்கி, துணியில் வடிகட்டி, தண்ணீர் விட்டுக் கலக்கிக் கலக்கிக் கழுவ வேண்டும். நிறம் மெல்ல வெளுத்து, எண்ணெய் திரண்டு வெண்ணெய்ப் பதத்துக்கு வரும். கை ஓயாமல் செய்ய வேண்டிய வேலை. சித்த மருத்துவர்கள் தீப்புண்ணுக்கும் மூலக் கடுப்புக்கும் மேற்பூச்சாக இதைத் தருகிறார்கள். பெரிய தீக்காயம் என்றால் முதலில் குழாய்த் தண்ணீர், உடனே ஆஸ்பத்திரி. அடுப்படியில் பட்ட சிறு சூட்டுக்கு, பக்குவம் தெரிந்த சித்த வைத்தியரிடம் கேட்டு வாங்கிய இந்த வெண்ணெய்.