அஞ்சாத அடக்கம்

அடக்கம் எனும் சொல்லை நாம் பெரும்பாலும் பணிவோடு சேர்த்தே எண்ணுகிறோம். பண்டைய கிரேக்க, ரோமானிய உலகின் ஸ்டோயிக் சிந்தனையாளர் அதனைத் தன்னைத் தானே ஆளும் ஆற்றலாகக் கண்டனர். கி.மு. 300 அளவில் ஏதென்ஸ் நகரின் ஓவிய மண்டபமொன்றில் சீனோ தொடங்கிய இப்பள்ளி, தூண் மண்டபத்தைக் குறிக்கும் 'ஸ்டோவா' எனும் கிரேக்கச் சொல்லால் பெயர் பெற்றது.

அதன் பிற்கால ஆசிரியருள் ஒருவர் எபிக்டீட்டஸ். ரோமில் அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்றவர். பேரரசன் டொமீஷியன் தத்துவ அறிஞரை வெளியேற்றியபோது நிக்கோபோலிஸ் நகருக்குச் சென்று பள்ளி நடத்தினார். அவர் மாணவர் அர்ரியன் எழுதி வைத்தமையால் அப்பாடங்கள் நமக்குக் கிடைத்துள்ளன.

அவற்றுள் ஒன்று, தம் செய்திகளை எளிதில் பிறரிடம் கொட்டிவிடுவோரைப் பற்றியது. ரோமில் படைவீரன் ஒருவன் பொதுமக்கள் உடையில் ஒருவரருகே அமர்ந்து பேரரசனை இகழத் தொடங்குவான். அவன் மனம் திறந்துவிட்டான் என நம்பி, அவரும் தம் கருத்தைச் சொல்வார். உடனே சிறைக்கு இழுத்துச் செல்லப்படுவார். ஒருவர் தம் மறைபொருளைச் சொன்னதனாலேயே நாமும் சொல்லக் கடன்பட்டவர் ஆகோம் என்கிறார் எபிக்டீட்டஸ். ஓட்டைக் கலத்தில் எதுவும் தங்காது. பதவிக்கும் பொருளுக்கும் ஏங்குபவர் அவற்றுக்காக நம் மறைபொருளையும் விட்டுக்கொடுக்கக்கூடும். ஆதலின் ஒருவர் எதனை விரும்பி வாழ்கிறார் என்று கண்டே அவரை நம்புதல் வேண்டும்.

அவ்வாறாயின் இவ்வடக்கம் அச்சத்தின் மறுபெயரா? இவ்வினாவுக்கும் அவர் பாடங்களிலேயே விடை உண்டு. பேரரசன் வெஸ்பேசியன், ரோமானிய ஆட்சிமன்ற உறுப்பினர் ஹெல்விடியஸ் பிரிஸ்கஸை அவைக்கு வரவேண்டா எனத் தடுத்தான். உறுப்பினராக உள்ளவரை வருவேன் என்றார் அவர். வந்தாலும் பேசாதிரு என்றான். கேளாவிடில் பேசேன், கேட்டால் சரியெனத் தோன்றுவதை உரைப்பேன் என்றார். இறுதியில் நாடு கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரை எபிக்டீட்டஸ் போற்றுகிறார்.

பொது இடத்தில் நாவைக் காக்கச் சொன்னவரே, கடமை அழைத்த அவையில் வாய் திறந்தவரையும் புகழ்ந்தார். இதில் முரண் இல்லை. இரண்டிடத்தும் நாவை ஆள்வது அறிவே; ஆசையோ அச்சமோ அன்று. மாணவர் நம்மை நம்பிச் சொன்னதைக் காப்பதும், கூட்டத்தில் கருத்துக் கேட்கப்படும்போது உள்ளதை உள்ளவாறு உரைப்பதும் ஒரே பயிற்சியின் இரு கூறுகள் என நாம் கொள்ளலாம்.