அடுத்தவன் வானம்

ஓசூர்க் கோட்டையைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். திப்பு சுல்தானுக்காக அதைக் கட்டிக் கொடுத்தவன் ஹாமில்டன் என்ற ஆங்கிலேயன், போரில் பிடிபட்ட கைதி. 1791-ல் கும்பெனிப் படை நெருங்கி வந்தபோது அவன் தலையை எடுத்துவிட்டார்களாம். கதை சொல்லும் பெரியவர் கடைசியில் ஒன்று சேர்ப்பார்: "கட்டினவனுக்குத்தானப்பா எங்க இடிச்சா விழும்னு தெரியும்." இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு ஊர்ப்பேச்சு என்பது வேறு விஷயம். ஆனால் அந்தப் பெரியவர் சொன்ன காரணத்தை நான் பிறகு வேறொரு இடத்தில் அப்படியே பார்த்தேன்.

2022 அக்டோபரில் பிரிட்டன் ஓர் எச்சரிக்கை விட்டது. ஓய்வுபெற்ற அதன் ராணுவ விமானிகள் 30 பேர் வரை, சீன விமானப்படையினருக்குப் பயிற்சி கொடுக்கப் போயிருக்கிறார்கள். ஆளுக்கு ஏறத்தாழ 2,40,000 பவுண்டு வரை சம்பளம் பேசப்படுகிறது என்று செய்தி வந்தது. அதே மாதம் ஆஸ்திரேலியாவில் டேனியல் டகன் என்ற முன்னாள் அமெரிக்க மரைன் விமானி கைதானார். சீன விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்தார் என்பது அமெரிக்கா வைக்கும் குற்றச்சாட்டு, அவர் மறுக்கிறார். 2024 டிசம்பரில் அவரை அமெரிக்காவிடம் ஒப்படைக்க ஆஸ்திரேலிய அரசு ஒப்புக்கொண்டது. இவர்கள் யாரும் விமானத்தைக் கடத்திக்கொண்டு போகவில்லை. மேற்கத்திய விமானி வானத்தில் எப்படி யோசிப்பான், எந்த இடத்தில் தடுமாறுவான் என்பது அவர்கள் மண்டைக்குள் இருக்கிறது. பயமெல்லாம் அதற்குத்தான்.

அப்படியானால் இன்னொரு நாட்டுக்காகப் பறப்பது எப்போது வேலை, எப்போது துரோகம்? இந்தக் கேள்வியோடு நம் பக்கம் திரும்பினால், ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, பெங்களூர் எச்.ஏ.எல். ஓடுதளத்தில் ஒரு நல்ல கதை கிடைக்கிறது. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி அங்கே வேலைக்குப் போய்வந்தவர்கள் எங்கள் தெருக்களிலேயே இருந்தார்கள்.

1956-ல் குர்ட் டாங்க் என்ற ஜெர்மானியர் பெங்களூர் வந்து சேர்ந்தார். இரண்டாம் உலகப்போரில் ஹிட்லரின் விமானப்படை பறக்கவிட்ட ஃபோக்கவுல்ஃப் 190 அவர் வடிவமைத்தது. போர் முடிந்ததும் அர்ஜென்டினாவுக்குப் போய், அங்கே பெரோன் ஆட்சிக்காக 'புல்க்கி 2' என்ற ஜெட் விமானத்தைச் செய்தார். பெரோன் விழுந்ததும் இந்தியா. இங்கே அவர் வடிவமைத்த எச்.எஃப்.-24 'மாருத்' 1961 ஜூன் 17 அன்று முதன்முதலில் பறந்தது. ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ். (1970 ஜனவரியில் இன்னொரு மாருத்தைச் சோதித்தபோது அதே பெங்களூரில் விழுந்து இறந்தார். பெங்களூரில் அவர் பெயரில் சாலை இருக்கிறது.)

மாருத்தின் உடல் நன்றாக இருந்தது, இதயம்தான் போதவில்லை. ஒலியைத் தாண்டிப் பறக்க வரைந்த விமானத்துக்கு ஆர்ஃபியஸ் 703 என்ற பிரிட்டிஷ் என்ஜின்தான் கிடைத்தது. அதன் வலுவான வகையை உருவாக்கப் பணம் தரும்படி பிரிட்டிஷ் கம்பெனி கேட்டது, இந்தியா தரவில்லை. என்னைக் கேட்டால் இந்திய விமானத் துறையின் மிக விலையுயர்ந்த சிக்கனம் அதுதான்.

அந்தச் சமயத்தில் கெய்ரோ அருகே ஹெல்வானில் நாசரின் எகிப்தும் இதே போலத் திணறிக்கொண்டிருந்தது. வில்லி மெஸ்ஸர்ஷ்மிட் ஸ்பெயினில் தொடங்கிய ஒரு சிறு போர் விமானத்தை எகிப்து எடுத்துக்கொண்டு எச்.ஏ.-300 என்று வளர்த்தது. அதற்கான என்ஜினைச் செய்தவர் ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர். ஆஸ்திரியரான இவர் போரில் ஜெர்மனியின் யுங்கர்ஸில் இருந்து, சோவியத்திடம் பிடிபட்டு, அவர்களுக்காகப் பல ஆண்டுகள் என்ஜின் செய்து, விடுதலையானபின் எகிப்துக்கு வந்தவர். ஹாமில்டன் கதையின் இருபதாம் நூற்றாண்டுப் பதிப்பு என்று சொல்லலாம், தலை தப்பியதைத் தவிர.

இந்தியாவுக்கு என்ஜின் வேண்டும். எகிப்துக்குச் சோதனை விமானி வேண்டும். பேரம் படிந்தது. கபில் பார்கவா என்ற இந்திய விமானப்படை அதிகாரி எகிப்துக்கு அனுப்பப்பட்டார். எகிப்திய விமானிகள் இருவர் பயிற்சிக்கு இந்தியா வந்தார்கள். 1964 மார்ச் 7 அன்று எச்.ஏ.-300 முதல்முறையாக எழும்பியது, 12 நிமிடம் பறந்தது. ஜெர்மானியர் வரைந்து, ஸ்பெயினில் தொடங்கி, எகிப்தில் கட்டி, பிரிட்டிஷ் என்ஜின் பொருத்தி, இந்தியர் ஓட்டிய விமானம். முதல் மாதிரியில் இருந்ததும் நம் மாருத்தில் இருந்த அதே ஆர்ஃபியஸ்தான்.

அந்தக் காலத்து ஹெல்வான் அமைதியான வேலையிடம் அல்ல. எகிப்தின் ராக்கெட் திட்டத்தில் இருந்த ஜெர்மானியர்களை விரட்ட இஸ்ரேலிய உளவுத்துறை 1962-63-ல் பார்சலில் குண்டு அனுப்பியது, ஆட்கள் செத்தார்கள். இந்தியாவோ 1950-லேயே இஸ்ரேலை அங்கீகரித்திருந்த நாடு. எச்.ஏ.-300 நினைத்தபடி வளர்ந்திருந்தால், ஒரு இந்தியர் சோதித்துப் பக்குவப்படுத்திய விமானம் இஸ்ரேலுக்கு எதிரே நின்றிருக்கும். ஆனாலும் பார்கவாவை யாரும் துரோகி என்று சொல்லவில்லை, கூலிக்குப் போனவர் என்றும் சொல்லவில்லை. காரணம் எளிது: போகச் சொன்னது அவருடைய அரசு. அந்தக் கடிதம் ஒன்றுதான் அவருக்கும் 2022-ன் பிரிட்டிஷ் விமானிகளுக்கும் நடுவே நிற்கும் சுவர்.

சுவர் என்று எழுதிவிட்டேன், ஆனால் கடிதம் எழுதும் அரசே மாறும்போது அது எந்தப் பக்கம் நிற்கும்?

1947-ல் விமானப்படையைப் பிரித்தபோது ஒரு விதி இருந்தது. பாகிஸ்தான் பகுதியைச் சேர்ந்த முஸ்லிம் இந்தியாவைத் தேர்ந்தெடுக்க முடியாது. இந்தியப் பகுதியைச் சேர்ந்த முஸ்லிம் அல்லாதவர் பாகிஸ்தானைக் கேட்க முடியாது. மற்றவர்கள் விருப்பம் எழுதித் தரலாம். ஜம்முவில் பிறந்த அஸ்கர் கான் அந்தப் பக்கம் போய்ப் பாகிஸ்தான் விமானப்படைத் தளபதியானார். இப்போது பாகிஸ்தானில் இருக்கும் லயல்பூரில் பிறந்த அர்ஜன் சிங் இந்த விமானப்படையின் தளபதியானார். 1965 ஏப்ரலில் கட்ச் சண்டையின்போது இருவரும் தொலைபேசியில் பேசி, இரு விமானப்படைகளும் சண்டையில் இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள். ஒரே விமானப்படையில் இருந்தவர்கள், ஒருவர் சொல்லை ஒருவர் நம்ப முடிந்தது. செப்டம்பர் போருக்கு அந்த ஏற்பாடு தாங்கவில்லை. அதற்குள் அஸ்கர் கான் பதவியிலும் இல்லை.

1971-ல் யாரும் விருப்பப் படிவம் கொடுக்கவில்லை. பாகிஸ்தான் விமானப்படையில் இருந்த வங்காளிகள் தாங்களே முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 20 அன்று கராச்சி மஸ்ரூர் தளத்தில் பயிற்றுநர் மதியுர் ரஹ்மான், இளம் விமானி ரஷீத் மின்ஹாஸ் கிளப்பிய டி-33 விமானத்தில் வழிமறித்து ஏறி, அதை இந்தியாவுக்குத் திருப்பப் பார்த்தார். எல்லைக்கு முன்பே, தட்டா அருகே விமானம் விழுந்து இருவரும் இறந்தார்கள். மின்ஹாஸுக்குப் பாகிஸ்தானின் மிக உயர்ந்த வீர விருது. மதியுருக்கு வங்கதேசத்தின் மிக உயர்ந்த வீர விருது. ஒரே விமானத்திலிருந்து இரண்டு நாடுகளுக்கு இரண்டு நாயகர்கள். மதியுரின் உடல் 35 ஆண்டுகள் கராச்சியில் கிடந்தது, 2006-ல்தான் டாக்காவுக்குத் திரும்பியது.

தப்பி வந்த மற்றவர்களுக்கு இந்தியா செப்டம்பர் 28 அன்று நாகாலாந்தின் திமாப்பூரில் இடம் கொடுத்தது. ஒரு டகோட்டா, ஒரு ஆட்டர், ஒரு அலுவெட் ஹெலிகாப்டர்: 'கிலோ ஃப்ளைட்'. டிசம்பர் 3 இரவு ஹெலிகாப்டர் நாராயண்கஞ்ச் எண்ணெய்க் கிடங்கையும், ஆட்டர் சிட்டகாங் எண்ணெய்க் கிடங்கையும் தாக்கின. அதே அலுவெட் வகையைத்தான் எச்.ஏ.எல். பெங்களூரில் 'சேத்தக்' என்ற பெயரில் செய்துகொண்டிருந்தது. தாக்கியவர்கள் அந்த ஆண்டின் தொடக்கம் வரை பாகிஸ்தான் சம்பளத்தில் இருந்தவர்கள். பாகிஸ்தான் சட்டப்படி அவர்கள் ஓடிப்போனவர்கள். டிசம்பர் 16-க்குப் பிறகு ஒரு புதிய விமானப்படையின் மூத்தவர்கள்.

எகிப்துப் பேரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1967 மார்ச்சில் எகிப்திய என்ஜின் பொருத்திய மாருத் ஒன்று ஹெல்வானில் பறந்தது. ஜூனில் ஆறு நாள் போர் வந்தது. எகிப்தின் கஜானா காலியானது. 1969 மே மாதம் எச்.ஏ.-300 திட்டத்தையே மூடிவிட்டார்கள். மாருத்துக்கு வேறு என்ஜின் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த அரைகுறை வேகத்தோடே 1971-ல் லோங்கேவாலா பக்கம் சண்டை போட்டது. பார்கவா குரூப் கேப்டனாக ஓய்வுபெற்று, அந்த எகிப்து நாட்களைப் பற்றி எழுதினார். எச்.ஏ.-300 இன்று இருப்பது எகிப்திலும் இல்லை, இந்தியாவிலும் இல்லை. ஜெர்மானியர்கள் அதை வாங்கிக்கொண்டு போய், பழுதுபார்த்து, மியூனிக் அருகே ஷ்லைஸ்ஹைம் அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.