துறையும் பாலமும்: மட்டக்களப்பு வாவியின் இருகரைக் குடிப்பரம்பல்

ஒரு நிலப்பகுதியின் குடிப்பரம்பலை அதன் மண்வளமும் நீர்வளமுமே தீர்மானிக்கின்றன என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கருத்தாகும். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் ஒப்புநோக்கின் இக்கருத்து முழுமையானதன்று என்பது புலனாகும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியின் கிழக்கே, கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை எனப்படும். மேற்கே வயல்வெளியாய் விரிந்து செல்வது படுவான்கரை. நெல் பெருக விளைவது மேற்கில்; மக்கள் செறிந்து வாழ்வதோ கிழக்கில். கடற்றொழிலும் வாணிபமும் இதற்குக் காரணங்களே. எனினும், போக்குவரத்தின் வரலாற்றை நோக்காது இதனை முற்றாக விளக்கவியலாது.

பண்டு இவ்வாவி கரைகளைப் பிரிக்கும் தடையாக இருந்ததில்லை. அதுவே பெருவழியாக விளங்கிற்று. துறைநீலாவணை, மகிழடித்தீவு, முதலைக்குடா, வவுணதீவு முதலிய ஊர்ப்பெயர்கள் நீரை நோக்கிய வாழ்வுக்குச் சான்றுபகர்வன. 1628இல் போர்த்துக்கேயர் கோட்டை அமைக்கத் தெரிந்தெடுத்த புளியந்தீவும் நீர்சூழ்ந்த இடமேயாகும். எழுவான்கரைப் போடிமாரும் அவர்தம் வேளாண்மைக்காரரும் தோணியேறி மேற்கே சென்று, விளைவுகாலத்தில் வயல்வாடிகளிற் றங்கி, நெல்லோடு மீண்டனர். மண்டூர் முருகன் ஆலயத் திருவிழாவுக்கு அடியார் குருமண்வெளித் துறையினூடாகவே வாவியைக் கடந்தனர். மக்களையும் வாகனங்களையும் ஏற்றிச்செல்லும் மிதவையைப் 'பாதை' என்றே இப்பகுதி மக்கள் வழங்குவர். நீரையே வழியாகக் கொண்ட ஒரு சமுதாயத்தின் மனப்பாங்கு இச்சொல்லிற் புதைந்துள்ளது.

தெருவும் சில்லும் தலைமைபெற்றபோது இந்நிலை மாறிற்று. கல்முனை நோக்கிய பெருந்தெரு எழுவான்கரை வழியே சென்றது. 1924இல் கட்டப்பட்ட கல்லடிப் பாலம் அக்கரையை நகருடன் இணைத்தது; 1920களின் இறுதியிற் புகையிரதமும் நகரை அடைந்தது. பாடசாலை, வைத்தியசாலை, சந்தை என்பன தெருவை அண்டி வளர, மக்களும் அவற்றை அண்டினர். வாவி மாறவில்லை, பயணஞ்செய்யும் முறை மாறியதால் வழியாயிருந்த நீர் தடையாயிற்று. படுவான்கரை 'அக்கரை' ஆனதும் இவ்வாறேயாம்.

இதன் விளைவை இன்றைய குடிப்பரம்பலிற் காணலாம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மாவட்டத்தில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவருள் நாற்பதினாயிரம் பேரளவில் காத்தான்குடியின் சில சதுர கிலோமீற்றருள் அடங்கினர். வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பிரிவுகளோ பரப்பாற் பெரியன. மக்கட் செறிவாற் குறைந்தன.

வடக்கே வலையிறவிலும் தெற்கே பட்டிருப்பிலும் பாலங்கள் இருந்தன. ஆயினும், அவற்றுக்கு இடைப்பட்ட கொக்கட்டிச்சோலைப் பகுதியினர்க்கு மண்முனைத் துறையே குறுக்குவழி. இரவில் நோயுற்றவரும் மாரிப் பெருக்கிற் கர்ப்பிணிகளும் ஒன்றிற் பாதைக்குக் காத்திருந்தனர், அன்றேற் சுற்றுவழி சென்றனர். போர்க்காலத்தில், 2007 வரை, வாவியைக் கடத்தல் என்பது இரு வேறு அதிகாரங்களின் எல்லையைக் கடத்தலுமாயிற்று. சோதனைச் சாவடிகளிற் கழிந்த நேரத்தை எந்தத் தூரக்கணக்கும் காட்டாது.

யப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட மண்முனைப் பாலம் 2014 ஏப்ரலிற் றிறந்துவைக்கப்பட்டது. அதன் நீளம் 210 மீற்றரேயாகும். கல்லடிப் பாலத்துக்கும் இதற்கும் இடையே கழிந்த காலமோ தொண்ணூறு ஆண்டுகள்! அதன் பின்னரும் குருமண்வெளி–மண்டூர்த் துறையில் இயந்திரப்பாதையே மக்களை ஏற்றி வந்தது.

மக்கள் குறைந்த இடத்துக்குப் பாலம் எதற்கு என வினவுவோர் உளர். பாலமின்மையே மக்கள் குறைவுக்குக் காரணங்களுள் ஒன்று என்பதை அவ்வினா மறந்துவிடுகின்றது. விளைவைக் காரணமாகக் கொண்டு திட்டமிடுவோர் பழைய ஏற்றத்தாழ்வையே மீண்டும் நிலைநாட்டுவர். தலைக்கணக்கோடு, ஒரு கிராமத்தவர் வைத்தியரையும் ஆசிரியரையும் அடைய எடுக்கும் நேரத்தையும் கணக்கிடுதல் வேண்டும். நாட்டுக்கு நெல்லளிக்கும் கரைக்கு அது சலுகையன்று. நெடுங்காலமாய்த் தீர்க்கப்படாத கடன்.