படியும் பாக்கெட்டும்: விலையேற்றத்தின் ஊடே அளவையின் வரலாறு

ஒவ்வோர் ஆண்டும் ரமழானின் இறுதிப் பத்து நாட்களில் திண்டுக்கல் பள்ளிவாசல்களின் அறிவிப்புப் பலகையில் ஒரு தொகை எழுதப்படுகிறது. ஸதகத்துல் ஃபித்ர் எனும் பெருநாள் தர்மத்தைப் பணமாகக் கொடுக்க விரும்புவோர் தலைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதே அந்த அறிவிப்பு. முந்தைய ஆண்டின் தொகையைவிட அது பெரும்பாலும் கூடியே இருக்கும். தொழுதுவிட்டு வெளியே வருவோர் அதைப் பார்த்து, “விலைவாசி ஏறிவிட்டது” என்று சொல்லிக்கொண்டு நடப்பர்.

தொகை மாறுகிறது. ஆனால் அளவு மாறவில்லை. ஷரீஅத் இத்தர்மத்தை நாணயத்தால் வரையறுக்காமல் ‘ஸாஉ’ என்னும் முகத்தல் அளவையால் வரையறுத்தது. நான்கு ‘முத்’து கொண்டது ஒரு ஸாஉ. ஷாஃபிஈ மத்ஹபினர் ஊரின் முக்கிய உணவுத் தானியத்தில் ஒரு ஸாஉ கொடுப்பர். நம் வட்டாரத்து இராவுத்தர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் கோதுமையில் அரை ஸாஉ, அல்லது அதன் மதிப்பு. தீனாரும் திர்ஹமும் ரூபாயும் மதிப்பிழந்தாலும், ஏழையின் கைக்குச் செல்லும் தானியம் குறையக் கூடாது என்பது இதன் விளைவாக அமைந்தது.

விலையேற்றத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் விலையையே பார்க்கின்றனர். ஆனால் விலை ஏறும்போது குடும்பத்தலைவி முதலில் மாற்றிக்கொள்வது தான் வாங்கும் அளவை. எனவே விலையின் வரலாற்றை அளவையின் வரலாறாகவும் படிக்க வேண்டும். திண்டுக்கல் சமவெளியின் கடைத்தெருவை முன்வைத்து அவ்வாறு படிக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

படியின் காலம்

நம் முன்னோரின் முகத்தல் அளவை ஒழுங்கானதொரு ஏணி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். நிறுத்தலில் நாற்பது பலம் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. ஊருக்கு ஊர் படியின் கொள்ளளவு வேறுபட்டது உண்மையே. ஆயினும் ஓர் ஊருக்குள் படி என்பது எல்லாரும் அறிந்த ஒன்றாக இருந்தது.

வாங்கும் முறையும் இந்த ஏணியைத் தழுவியே அமைந்தது. நிலமுடையோர் அறுவடைக்குப்பின் கலக்கணக்கில் குதிரில் சேர்த்தனர். தோல் பதனிடும் கூடங்களிலும் புகையிலை, சுருட்டுத் தொழிலிலும் உழைத்த நகரத்துக் கூலிமக்களோ, கூலி கைக்கு வந்த நாளில் படிக்கணக்கில் வாங்கினர். சுற்றுக் கிராமத்தார் வாரச்சந்தையை நம்பியிருந்தனர்.

தானியம் அளப்பவர் முதற்படியை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவார். எங்கள் வீட்டில் அம்மா அளந்தபோதும் அப்படித்தான். கடைக்காரர் தலைதட்டி அளந்தாரா, குவித்து அளந்தாரா என்பதை அத்தா உன்னிப்பாகக் கவனிப்பார். காய் வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொசுறாகக் கிடைக்கும். மக்காவில் கூலிக்கு நிறுத்துக் கொடுப்பவர் ஒருவரிடம், தட்டு சற்றுத் தாழும்படி கூட்டி நிறுக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாக ஒரு ஹதீஸ் உண்டு. அந்த ஹதீஸைப் பாடத்தில் ஓதியபோது, எனக்குக் கடைத்தெருவின் கொசுறே நினைவுக்கு வந்தது.

இந்த ஒழுங்கில் விலை ஏறியதும் இறங்கியதும் உண்டு. ஆனால் படி நிலையாக நின்றது. அதற்குக் கொடுக்கும் காசே மாறியது. ஏமாற்றம் நேர்ந்தால் அது கண்முன்னே நேர்ந்தது. அதனாற்றான் அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்க அல்குர்ஆனில் ‘முதஃப்ஃபிஃபீன்’ என ஒரு தனி ஸூராவே இறங்கியது. மத்யன் மக்களிடம் ஷுஐப் (அலை) அவர்கள் ஏகத்துவத்தை அடுத்து வலியுறுத்தியதும் அளவையின் நேர்மையையே.

நாணயத்தின் மயக்கம்

ஹிஜ்ரி 806ஆம் ஆண்டளவில் (கி.பி. 1403–04) எகிப்தைப் பஞ்சமும் விலையேற்றமும் வாட்டின. கெய்ரோவில் ‘முஹ்தஸிப்’ எனும் சந்தைக் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய வரலாற்றறிஞர் அல்மக்ரீஸி, அதன் காரணங்களை ஆராய்ந்து ‘இகாஸத்துல் உம்மா’ என்னும் நூலை எழுதினார். பதவிகள் இலஞ்சத்துக்கு விற்கப்பட்டமை, நிலக்குத்தகை உயர்ந்தமை, ‘ஃபுலூஸ்’ எனும் செப்புக்காசு பெருகியமை ஆகிய மூன்றையும் அவர் சுட்டினார். தங்கத்தாலும் வெள்ளியாலும் கணக்கிட்டால் பல பொருள்களின் விலை அவ்வளவாக ஏறவில்லை, செப்புக்காசால் கணக்கிடுவதாலேயே அது மலைபோல் தோன்றுகிறது என்பது அவரது வாதம். ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே, விலை என்பது பொருளை மட்டுமன்றி, அளக்கும் கோலையும் பொறுத்தது என அவர் கண்டுகொண்டார்.

ஒரு பவுண்டு தானியம்

1875இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் சென்ற இருப்புப்பாதை திண்டுக்கல்லைத் தொட்டது. அடுத்த ஆண்டே தாது வருடப் பஞ்சம் தொடங்கியது. இரயில் தானியத்தைக் கொண்டுவந்தது. விலை கூடிய இடம் நோக்கித் தானியத்தைக் கொண்டும் சென்றது. அதுவரை உள்ளூர் விளைச்சலையே பெரிதும் பார்த்திருந்த சந்தை விலை, தொலைதூரத்துச் சந்தைகளையும் பார்க்கத் தொடங்கியது.

1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணியாளரின் கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் என்ற அளவுக்குக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதனை வன்மையாக எதிர்த்தார். விலை ஏறியபோது அரசே அளவைச் சுருக்கியதற்கு இதைவிடத் துயரமான சான்று நம் வரலாற்றில் அரிது. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டின் ‘ரமாதா’ பஞ்சத்திலும் அளவு குறைந்தது. ஆனால் குறைந்தது கலீஃபாவின் தட்டில். மக்கள் வளம் பெறும்வரை நெய்யை உண்ண மறுத்து எண்ணெயோடு நின்றுகொண்ட உமர் (ரழி) அவர்கள், மறுபுறம் எகிப்திலிருந்தும் ஷாமிலிருந்தும் தானியத்தை வரவழைத்தார்கள்.

அட்டையின் காலம்

முதல் உலகப்போரின் இறுதியாண்டான 1918இல் அரிசி, துணி, மண்ணெண்ணெய் விலைகள் ஏறியபோது சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் கடைகள் சூறையாடப்பட்டன. இரண்டாம் உலகப்போரில், 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் வசமானதும் பர்மா அரிசி நின்றது. அதன்பின் வந்த பங்கீட்டு முறை நம் கடைப்பழக்கத்தை அடியோடு மாற்றியது. எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது, எந்தக் கடையில் வாங்குவது ஆகிய மூன்றையும் ஓர் அட்டை முடிவு செய்தது. அரிசி தவிர வேறறியாத வீடுகளில் கோதுமை நுழைந்தது. 1952 ஜூனில் இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். ஆனால் 1960களின் நடுவில் வறட்சி வந்தபோது வரிசைகள் மீண்டன.

இதற்கிடையே அளவைகளே மாறின. 1957 ஏப்ரல் முதல் நாள் நயா பைசா வந்தது. 1958 முதல் படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் வந்தன. 1960களின் தொடக்கத்திலேயே சட்டப்படி படியின் காலம் முடிந்துவிட்டது. ஆயினும் 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் அறிஞர் அண்ணா மக்களுக்கு அளித்த வாக்குறுதி கிலோவில் அமையவில்லை. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதே அவ்வாக்குறுதி. ஆட்சிக்கு வந்தபின் ரூபாய்க்கு ஒரு படி என்னும் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பட்டது. சட்டம் கைவிட்ட அளவையை மக்கள் நம்பிக்கை கைவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று.

1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. 2006இல் கிலோ இரண்டு ரூபாய், 2008இல் ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி எனப் பங்கீட்டுக் கடை வளர்ந்தது. இதன் பயனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. சில்லறையாக வாங்க நேர்ந்த ஏழைக்கு, மாதத்தில் ஒருமுறையேனும் மூட்டையளவில் அரிசி வீடு வந்து சேர்ந்தது.

பாக்கெட்டின் காலம்

அரிசிக்கு அட்டை துணை நின்றது. ஏனைய பொருள்களுக்கோ வேறொரு தீர்வு பிறந்தது. அதுவும் நம் தமிழ்நாட்டிலேயே. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், செல்வர் வீட்டுப் பொருளைக் கூலித்தொழிலாளியும் வாங்க வேண்டும் என்ற எண்ணத்தோடு சிறு பாக்கெட்டில் பொருள் விற்கும் முறையை முன்னெடுத்தார். 1983இல் அவர் மகன் ரங்கநாதன் தொடங்கிய ‘சிக்’ ஷாம்பூ அதை ஊரெங்கும் பரப்பியது. கடையின் முன்புறம் சரம்சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகள் கிராமத்துக் கடைக்கும் உரியனவாயின.

இதனை வெறும் சுரண்டல் என்பது நேர்மையன்று. புட்டியில் வாங்குவதைவிடப் பாக்கெட்டில் வாங்கும் ஷாம்பூ மலிவாக இருப்பதும் உண்டு. நாட்கூலி பெறுபவன் நாட்செலவுக்கு வாங்குவது அறிவீனமும் அன்று. ஆனால் இம்முறை அளவைக்கும் விலைக்கும் இருந்த உறவைத் தலைகீழாக்கியது. படியின் காலத்தில் அளவு நின்றது, விலை நகர்ந்தது. பாக்கெட்டின் காலத்தில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என விலை நிற்கிறது. உள்ளே இருக்கும் கிராம் கரைகிறது. பிஸ்கட் வாங்கும் குழந்தையின் கையில் காசும் அதேதான், உறையின் நிறமும் அதேதான். விலை ஏறியது அதற்குத் தெரியாது. தாய்க்கும் பல வேளை தெரிவதில்லை. முன்பு ஏறிய விலையைப் பார்த்துக் கோபம் கொண்டோம். இன்று கோபம் கொள்ளவும் தெரியாதவாறு விலை ஏறுகிறது.

எண்ணெயின் கதையும் இதனோடு ஒட்டியதே. நிலக்கடலை விளையும் இச்சமவெளியில் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் வீட்டுப் பழக்கமாக இருந்தது. விலை ஏற ஏறப் பாமாயில் அதன் இடத்தைப் பிடித்தது; 2007 முதல் பங்கீட்டுக் கடையிலும் கிடைத்தது. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்குச் சில வாரங்கள் தடைவிதித்தபோது, நம் அடுப்பு எவ்வளவு தொலைவிலுள்ள தோட்டத்தை நம்பியிருக்கிறது என்பது புலப்பட்டது.

விலையும் அளவும்: ஷரீஅத்தின் பார்வை

மதீனாவில் விலை ஏறியபோது விலையை நிர்ணயிக்குமாறு தோழர்கள் வேண்டினர். விலையை ஏற்றி இறக்குபவன் அல்லாஹ்வே எனக் கூறி, எவருக்கும் அநீதி இழைத்தவராகத் தம் இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்று நபியவர்கள் மறுத்துவிட்டதாக அனஸ் (ரழி) அறிவிக்கிறார்கள். பதுக்கல் முதலிய அநீதி நிகழும்போது ‘தஸ்ஈர்’ எனும் விலை நிர்ணயம் கூடும் என இப்னு தைமிய்யா போன்றோர் பின்னர் விளக்கினர். இதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அளவையின் நேர்மையில் வேறுபாடே இல்லை. விலையைச் சந்தையிடம் விட்ட அதே மார்க்கம், படியைச் சந்தையிடம் விடவில்லை. அதைக் காக்க முஹ்தஸிபை நிறுத்தியது.

ஸாஉவின் கொள்ளளவு எட்டு ரத்ல் என்று கருதிவந்த இமாம் அபூயூசுஃப் மதீனா வந்தபோது, முஹாஜிர்கள், அன்ஸார்களின் வழித்தோன்றல்கள் பலர் தத்தம் மேலாடைக்குள் வீட்டு ஸாஉவை எடுத்துவந்து, தந்தை வழியாகத் தமக்குக் கிடைத்தது இது என்று காட்டியதாக ஓர் அறிவிப்பு உண்டு. அவை ஒத்திருந்ததை அளந்து பார்த்த அவர், ஐந்தும் மூன்றில் ஒன்றும் என்னும் கருத்துக்கு மாறினார். ஓர் ஊரின் நேர்மையை அதன் வீடுகள் காத்துவந்தன.

உறையின் மீது எடையை அச்சிட்டுவிட்டுக் குறைத்து விற்பது ‘தத்ஃபீஃப்’ ஆகாது என ஃபிக்ஹ் அறிஞர் கூறலாம். எடை மறைக்கப்படவில்லை என்பது உண்மையே. ஆயினும் வாங்குபவர் கவனிக்கமாட்டார் என்பதை நம்பியே செய்யப்படும் குறைப்பு, அந்த ஸூராவின் எச்சரிக்கைக்கு வெகு தொலைவில் இல்லை என்பதே என் எண்ணம். பொட்டலப் பொருள்களுக்கான விதிகளில் 2021இல் செய்யப்பட்ட திருத்தம், கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்பதையும் உறையில் அச்சிட வேண்டும் என்கிறது. அந்தச் சிறிய எழுத்தைப் படிக்கப் பழகுவது இக்காலத்தின் தலைதட்டிப் பார்த்தல். அதை நம் மக்தப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடமாகவே சொல்லிக்கொடுக்கலாம்.

நான் மாணவனாக உண்ட சோறு பிடியரிசிச் சோறு. உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டுத் தாயும் ஒரு பிடியை மதரஸாவுக்கென எடுத்து வைத்தாள். படிக்கணக்கில் அரிசி இருந்த வீட்டில் அந்தப் பிடி பாரமாக இல்லை. விலை ஏறிய ஆண்டுகளிலும் சாக்கு நிறைந்தே வந்தது. ஏனெனில் அவள் தன் காசை எண்ணிக் கொடுக்கவில்லை. தன் கையால் அளந்து கொடுத்தாள். அந்தக் கையளவும் பள்ளிவாசல் பலகையின் ஸாஉவும் ஒரே பாடத்தையே சொல்கின்றன. காசு கரையும்; ஏழைக்குரிய அளவு கரையலாகாது.